உள்ள வெளிச்சமும் போன மாலை

மார்ச் 11, புதன்

தவறு என்னுடையதுதான், சின்னத் தவறுதான்… சின்னதா? அக்காவின் காரில் கூடுதலாக இரண்டு விளக்குகள் மாட்டி, அவற்றின் வயரை இடது ஹெட்லைட் வயரோடு முறுக்கி டேப் சுற்றினேன், வண்டி மின்வேலை படிக்கும் மாலை வகுப்பில் பழைய வண்டியில் அப்படிச் செய்தபோது ஜம்மென்று எரிந்தது, இங்கே ஒரு நொடி எரிந்து அணைந்தது, கூடவே ஹெட்லைட்டும். அத்தான் வாசலில் தேநீரை உறிஞ்சியபடி, “உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா” என்றார், காரையா என்னையா என்று கேட்கவில்லை. இந்தக் காருக்குள் ஒரு கணினிப் பெட்டி இருக்கிறது, ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும், சர்க்கரை டப்பாவில் ஒரு கரண்டி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற அக்காவைப் போல, அளவு மீறினால் எங்கோ கோளாறு என்று மொத்தமாக நிறுத்திவிடும், நிறுத்தாவிட்டால் வயர் உருகியிருக்கும்… இதைப் பாடப் புத்தகத்தில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன், கோடு போட்டதையே படித்ததாக நினைத்துக்கொண்டேனா?

வயரைப் பிரித்து, காரை அணைத்து மறுபடி கிளப்பியதும் ஹெட்லைட் வந்துவிட்டது, பல்பு லூஸ் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம், யாருக்குத் தெரியும்… அதற்குள் அக்கா வந்துவிட்டாள். “என்னடீ ஆச்சு?”

“நாளைக்கு நானே பட்டறைக்குக் கொண்டுபோறேன்” என்றார் அத்தான். “இவ இன்னொரு தடவ கைய வச்சா, நீ டார்ச் அடிச்சுக்கிட்டுதான் டூட்டிக்குப் போகணும்.”

“நான்தான் தப்பா சேர்த்துட்டேன்க்கா” என்றேன்.

“நாளைக்கு ராத்திரி அந்த இருட்டு ரோட்டுல போறது நான். சரியா பண்ணுவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு.”

பண்ணுவேன் என்றேன், யாருடைய குரலோ போல இருந்தது, அவள் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், திட்டவுமில்லை… அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்படியென்றால் இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லையா, இல்லை, பிடித்திருப்பதே இப்படித்தான் இருக்குமா?

நாளை காலை முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும், புது விளக்குகளுக்கு பேட்டரியிலிருந்தே தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அதிலிருந்து, சின்ன சுவிட்சைக் கொண்டே பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, காருக்குள்ளே தனி சுவிட்ச், ஹெட்லைட் வயரைத் தொடக் கூடாது.