மிஞ்சாத ஜாக்கெட்

...இல்லை, இன்னும் சொல்லலாம், படகு ஐம்பது யார் தூரம்கூட வரவில்லை, படகுக்காரர் சீனித்தம்பி இன்னும் என்ஜினை முழுதாக முடுக்கவில்லை, முகத்தைத் திருப்பி அக்கா தீவில நிக்கிறா என்று மூன்று சொல் சொன்னால் போதும், ஆனால் பிறெண்டாவின் வாய் திறக்கவில்லை, அது இறுகிக்கொண்டே போனது. அவளுடைய மடியில் இரண்டாவது ஜாக்கெட் கிடந்தது. ஹேசலுடையது. வேண்டுமென்று எடுக்கவில்லை, இதைத் தனக்குத்தானே நாலைந்து தடவை சொல்லிவிட்டாள், வேண்டுமென்று எடுக்கவில்லை. தீவில் இறங்கியதும் எல்லோரும் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றி அந்த ஒற்றைப் பூவரச மரத்தடியில் குவித்தார்கள், திரும்பும்போது ஆளுக்கொன்றாக எடுத்துப் போட வேண்டும், சீனித்தம்பி ஆட்களை எண்ணுவதில்லை, மரத்தடியைத்தான் பார்ப்பார், ஒன்று மிஞ்சினால் ஒரு ஆள் வரவில்லை. "ஆக்கள் அங்கயும் இஞ்சயும் ஓடுவாங்க, ஜாக்கெட் ஓடாதுதானே" என்று காலையில் சிரித்தவர். அங்கிருந்து அவள் இரண்டு எடுத்தாள். ஹேசலின் புத்தகப்பை, ஹேசலின் குடை, ஹேசலின் செருப்பு, சின்ன வயதிலிருந்தே அக்கா நீட்டுவதையெல்லாம் வாங்கிப் பழகிய கை, அது தானாகப் போனது, சரி, ஒப்புக்கொள்ளலாம். பிறகு சீனித்தம்பி வெறும் மணலைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாரே, அப்போது? கை பழக்கத்தில் செய்தது. வாய் என்ன பழக்கத்தில் மூடிக்கிடந்தது?

ஹேசல் தீவின் மறுபக்கத்தில் இருந்தாள், கறுத்த பாறைகளுக்கு அப்பால், கண்ணாடி மாட்டிய முகத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தி பவளம் படர்ந்த முருகைக்கல்லையும் மீனையும் பார்த்துக்கொண்டு, காதுக்குள் கடல், ஒன்றும் கேட்டிருக்காது. இருபத்தாறு வருஷம் மெல்பேர்னில் இருந்துவிட்டு, மம்மாவை அடக்கம் செய்து இருபது நாள் கழித்து வந்து, நாலாம் நாளே கடற்பூங்கா பார்க்க வேண்டும் என்றவள். பிறெண்டா அவளோடு வெளிக்கிடாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அல்லது வந்தாலும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஏன் சொன்னாள், அந்த மரத்தடியில், யாரிடமும் சொல்லாததை, ஹேசலிடம் போய்? நினைவு குழம்பிய கடைசி இரண்டு வருஷமும் மம்மா பிறெண்டாவை ஹேசல் என்றுதான் கூப்பிட்டாள். உடம்பு துடைத்துவிடும்போது கையைப் பிடித்துக்கொள்வாள். "ஹேசல், நீதான் மகள். அந்தப் பிறெண்டா ஒரு விறைச்ச கட்டை, என்ட கழுத்தில தொங்குறா, எப்ப துலைவாளோ தெரியா." சொல்லிவிட்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஓம் மம்மா, துலைவா, என்று பிறெண்டா மற்றக் காலைத் துடைப்பாள். இதைச் சொன்னால் ஹேசல் அழுவாள், தோளைத் தொடுவாள், குறைந்தது தலையைக் குனிவாள் என்று எதிர்பார்த்தாளா? ஹேசல் சிரித்தாள். கைதட்டினாள்கூட. "பாத்தியா! அப்ப மம்மா கடைசியில என்னோடதான் இருந்திருக்கா. ஃபோனில அவவப் பாக்கக்குள்ள எனக்கு எவ்வளவு குத்தும் தெரியுமா புள்ள? இப்ப நெஞ்சு லேசாயிற்று." எழுந்து, தண்ணீர்ப் போத்தலையும் கைப்பையையும் நீட்டி, "இத வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் பாறைகளுக்குப் பின்னால் போனாள். பிறெண்டா வாங்கி வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, உங்களுக்கு ரெண்டு ஜாக்கெட்டா? அவ்வளவு பயமா கடலுக்கு?" முன்பலகையில் இருந்த ரிஸ்கான், காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவராம், காலையிலிருந்து எல்லோரையும் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவர். பிறெண்டா சிரித்தாள், அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு நல்ல சிரிப்பு. "சும்மா இரிங்க நீங்க" என்று அவருடைய மனைவி நுஸ்ரா அவரை இடித்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "மற்ற அக்கா எங்க, வெள்ளத் தொப்பி போட்டவ?" இதோ, தானாகவே வந்துவிட்டது, இனி அவள் மூன்று சொல்லும் சொல்லத் தேவையில்லை, கையைத் தீவுப் பக்கம் நீட்டினாலே போதும். "முதல் போட்டில போயிற்றா" என்றாள். "வெயில் ஒத்துக்காது அவக்கு. அதில வேற ஜாக்கெட் இருந்திச்சு." முதல் படகு அரை மணித்தியாலம் முன்னால் வெள்ளைக்காரர் நாலு பேரையும் தீவின் காவலாளியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது, அது உண்மை, அதனால் பொய்யும் உண்மை மாதிரியே வந்தது. "நல்ல வேலை செஞ்சா" என்றார் சீனித்தம்பி பின்னாலிருந்து, "இதுதான் கடைசி. இனிக் காத்து எழும்பிரும், இண்டைக்கு ஒருத்தரும் இஞ்சால வரமாட்டாங்க." என்ஜின் உறுமியது. இனி நாளைக் காலை. நிழலுக்கு ஒரு மரம், பறவை எச்சம் வெளுத்த பாறை, சுற்றிவர உப்புத் தண்ணீர்... செத்துப்போக மாட்டாள், ஒரு இரவுதானே, ஒரு இரவு கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமல் இருந்து பார்க்கட்டும், இரண்டு வருஷம் தனக்கு எத்தனை இரவு?

"உங்கட பேர் என்னக்கா?" நுஸ்ரா விசுக்கோத்துப் பெட்டியை நீட்டியபடி கேட்டாள்.

"ஹேசல்."

எங்கிருந்து வந்தது? பழக்கம், அதுவும் பழக்கம்தான், இரண்டு வருஷம் அந்தப் பெயருக்கு ஓம் போட்ட வாய். ஆனால் சொல்லிவிட்டு அவள் நுஸ்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுந்ததா என்று, பொய் போய்ச் சரியான இடத்தில் விழுந்ததா என்று... அப்படிப் பார்ப்பது தனக்குத் தெரிந்த பார்வை என்று பட்டது. மற்றப் பக்கத்திலிருந்து தெரிந்த பார்வை. மம்மா சொல்லிவிட்டு அப்படித்தான் பார்ப்பாள். அந்த விசுக்கோத்துப் பெட்டி வேறு. ஒருநாள் மம்மா கேட்டாளே, ஹேசல், என்ட மருந்துக் குளிசை எங்க, நேற்று அக்காட விசுக்கோத்துப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சியே... ஹேசலுக்கு ஏது அக்கா? நேற்று ஒளித்து வைத்தது யார்? மெல்பேர்னில் இருந்தவளா? மம்மாவுக்குத் தெரியுமா? எல்லா நாளும் தெரியுமா, யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்துதான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளா?

திரும்பிப் பார்த்தாள். பாறைமேல் வெள்ளையாக ஒன்று அசைந்தது, தொப்பியாக இருக்கலாம், பறவையாகவும் இருக்கலாம். திருப்பச் சொன்னால் இப்போதும் சீனித்தம்பி திருப்புவார், ஏசிக்கொண்டாவது திருப்புவார். தொண்டை காய்ந்திருந்தது, பேச வேண்டுமென்றால் முதலில் நனைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஹேசலின் போத்தலைத் திறந்தாள். பாதிக்கு மேல் இருந்தது. தீவில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். குடித்து முடித்தாள்.