பூக்கட்டிப் பார்த்த வீடு

கே.கே. நகரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சரண்யாதேவிக்கு நாள் முழுக்க போன் அடித்தாலும், அதில் அவளுக்கென்று ஒரு அழைப்பும் இருக்காது. எல்லாம் நாய்க்கும் பூனைக்கும் வருபவைதான். சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்து ஒருவர் தன் நாயின் கழிச்சலைப் படமெடுத்து அனுப்பி, "கலர் சரியா இருக்கா மேடம்?" என்று கேட்பார். இன்னொருவர் தனக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பூனைக்கும் கொடுத்துவிட்டு, "நெட்டுல பாத்துட்டுத்தானே குடுத்தேன்" என்று சண்டைக்கு நிற்பார். "சாப்ட்டுச்சா?" என்று எல்லோரிடமும் அவள் கேட்பாள். "நீங்க சாப்ட்டீங்களா?" என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. கிளினிக்குக்கு மேலேயே ஒண்டியாகக் குடியிருப்பவளுக்கு அது பழகியும் போயிருந்தது.

வாயில்லா ஜீவன்களோடு அவளுக்கு ஒரு வம்பும் கிடையாது. கடித்தால்கூட அதில் ஒரு நியாயம் இருக்கும். கூட வரும் மனிதர்களைச் சமாளிக்கத்தான் ஒரு விதி வைத்திருந்தாள். நிலைமையைச் சொல்வாள், முடிவைச் சொல்லமாட்டாள். முன்பொரு தடவை, வேதனைப்பட்ட ஒரு நாயை ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லப்போக, அந்த வீட்டம்மா மறுவாரமே கிளினிக் வாசலில் வந்து நின்று, "நீதானடி கொன்ன" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

அந்த விதி பரவை ஊர்க்காரர் மொக்கைச்சாமியிடம் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பாண்டிமீனா போன தையில் தவறிவிட்டாள். அவள் வளர்த்த நாட்டு நாய் ஜிம்மிதான் வீட்டில் மிச்சம். அதற்கும் இப்போது சிறுநீரகம் இரண்டும் கெட்டு, குடித்த தண்ணீரையும் கக்கிக்கொண்டு, எழ மாட்டாமல் முனகிக் கிடந்தது.

"இனிமே மருந்து கேக்காதுங்கய்யா. வலியில்லாம ஊசி போட்டு அனுப்பிரலாம். இல்ல, தானாப் போற வரைக்கும் இருக்கட்டும்னு விடலாம். நீங்கதான் சொல்லணும்."

அவர் சொல்லவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, ஆகாது என்றார். வெள்ளி போனதும் அமாவாசை வருகிறதே என்றார். அதுவும் கழிந்ததும், பெங்களூரில் இருக்கும் மகனை ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார். மகன் அருண்பாண்டி, "மீட்டிங்ல இருக்கேன் மேடம். அப்பா சொல்றபடி செஞ்சிருங்க" என்று வைத்துவிட்டான். அப்பாவிடம் திரும்பினால், "அவன் என்ன சொன்னான்?" என்றார்.

கடைசியில் அவரே கூப்பிட்டார். "டாக்டரம்மா, சாயங்காலம் மருந்தோட வீட்டுக்கு வாங்க. ஆத்தாட்டக் கேட்டு முடிவு பண்ணிருவோம்."

அவள் போனபோது, மாரியாத்தா படத்துக்கு முன்னால் விளக்கெரிந்தது. தட்டில் வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஜிம்மி பக்கத்திலேயே சாக்கில் கிடந்தது.

"பூக்கட்டிப் பாக்குறோம் தாயி. ஒண்ணுல செவப்பரளி, ஒண்ணுல மல்லி. செவப்பு வந்தா அனுப்பி வச்சிருவோம். வெள்ள வந்தா இருக்கட்டும்."

"இதெல்லாம் கோயில்ல வச்சுல்லய்யா கேப்பாங்க?"

"போனா பூசாரி சிரிப்பான், நாய்க்கெல்லாமாடா பூக்கட்டுறன்னு. ஒருக்கா அவன்ட்டச் சில்லறை இல்லைன்னு பஸ்ஸ விட்டுப் பாதியில எறக்கி விட்டுட்டேன். இன்னும் மறக்கல பய." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "சின்னப் பிள்ளைய விட்டு எடுக்கச் சொல்லணும். இந்த வீட்டுல பிள்ளைக்கு எங்க போவேன்? நீங்க எடுங்க. கள்ளம் இல்லாத கையா இருக்கணும், அம்புட்டுத்தான்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஜிம்மி முனகியது. குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"நீங்களே பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெம்பில்ல." திரும்பி உட்கார்ந்து நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

நாரை அவிழ்த்தாள். மல்லி.

ஜிம்மியின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் எத்தனை நாள் இப்படியே கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இலையோடு சேர்த்துப் பூவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"செவப்புங்கய்யா."

மொக்கைச்சாமி நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியிருந்த கையை வெகுநேரம் பார்த்தார்.

"செவப்பா?"

"ஆமாங்கய்யா."

"சரி. ஆத்தா சொல்லிட்டா. நீங்க ஊசிய எடுங்க."

கையிலிருந்ததைப் பைக்குள் போட்டுவிட்டு ஊசியை எடுத்தாள். முதல் ஊசியில் ஜிம்மி தூங்கியது. முனகல் நின்றதும் வீடே காலியானது போல இருந்தது. அடுத்த ஊசியின்போது அவர் காதுமடலைத் தடவியபடி, "மீனாட்டப் போடா, போ" என்றார். கொல்லையில் குழியை முன்னமே வெட்டி வைத்திருந்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக் கிடத்தினார்கள். மண்ணை அவர் ஒருத்தரே தள்ளினார்.

அவள் கிளம்பும்போது மற்றப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார்.

"இது வீட்டுல இருக்க வேணாம். போற வழியில கம்மாயில போட்டுருங்க தாயி." பிறகு, "சாப்ட்டீங்களா?" என்றார்.

"இனிமேத்தாங்கய்யா."

"நேரத்துக்குச் சாப்புடுங்க."

கண்மாய்க் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீரில் எறியக் கையை ஓங்கியவள், என்னவோ தோன்றி, வண்டி விளக்குக்கு நேரே பிடித்து நாரை அவிழ்த்தாள்.

அதிலும் மல்லிதான்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் வெள்ளைதான் வரும்படி ஆத்தாவையே ஏமாற்றப் பார்த்திருக்கிறார் மனுஷன். செவப்பு என்று அவள் வாயைத் திறந்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும், பொய் என்று. தெரிந்துதான் ஊசியை எடுக்கச் சொன்னார். தெரிந்துதான் இதையும் கையில் கொடுத்தனுப்பினார்.

திரும்பிப் போய் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போனால் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? பையிலிருந்த முதல் பூவையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துத் தண்ணீரில் விட்டாள். அவை கரையை விட்டு நகரவில்லை.

போன் அடித்தது. முன்பின் தெரியாத நம்பர்.

"டாக்டரா? எங்க நாய் காலையில இருந்து ஒரு மாதிரியா இருக்கு மேடம்."

"சொல்லுங்க" என்றாள்.