சுடர்விழியின் ஒரே வார்த்தை

நேர்முகத் தேர்வுக்கு வந்த ஏழு பேரில் ஆறு பேர் தங்களை 'சின்சியர்' என்றும் 'ஹார்டுவொர்க்கிங்' என்றும் சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தார்கள். கடைசி ஆள் சுடர்விழி. குளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தமிழ் வழியிலேயே பி.காம் முடித்தவள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அகராதியைப் புரட்டி, ஒரு வார்த்தையைப் பிடித்து வைத்திருந்தாள்.

விராலிமலையில் பம்பு செட் செய்யும் கம்பெனி அது. "ஒங்களைப் பத்தி இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை சொல்லுங்க" என்றார் மேனேஜர் ஜெரால்டு.

"ஆப்ஸ்டினேட், சார்."

ஜெரால்டின் பேனா நின்றது. "அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார். எடுத்த காரியத்தை விடமாட்டேன்."

"அது பெர்சிஸ்டென்ட்டும்மா. ஆப்ஸ்டினேட்டுன்னா வறட்டுப் பிடிவாதம். யார் சொன்னாலும் கேக்காத ஆளு."

சுடர்விழிக்குக் காது மடல் சூடேறியது. பேசாமல் 'சின்சியர்' என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு சந்தேகம் சார். எங்க ஊர்ல காலேஜ் நேரத்துப் பஸ்ஸு நிக்காமயே போயிரும். நிறுத்தச் சொல்லிப் பதினோரு மனு கொடுத்தேன். பன்னெண்டாவதோட போனப்ப, அதிகாரி என்னையப் பாத்ததும் எந்திரிச்சு அங்கிட்டுப் போயிட்டாரு. நான் வாசல்லயே ஒக்காந்துட்டேன். சாயங்காலம் கையெழுத்துப் போட்டாரு. இப்ப பஸ்ஸு நிக்குது. இதுக்கு எந்த வார்த்தைங்க சார்?"

"பெர்சிஸ்டென்ட்தான்" என்றார் ஜெரால்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பஸ் ஏறுற புள்ளைங்களுக்கு அப்பிடித்தான் சார். அந்த அதிகாரியைக் கேட்டா?"

ஜெரால்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்து மேசை தேவிப்ரியாவும் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். "நம்ம லாரிக்காரங்களுக்கு இவங்கதான் சார் சரி!"

சரக்கு ஏற்றிப் போகும் டிரைவர்கள் லேசில் போன் எடுக்கமாட்டார்கள். அவர்களை விடாமல் கூப்பிட்டு, எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்வதுதான் அந்த வேலை.

"திங்கக்கிழமை வந்து சேந்துக்கங்க" என்றார் ஜெரால்டு.

"இன்னைக்கே இருந்துட்டுப் போறேனே சார்."

தேவிப்ரியா உடனே ஒரு நம்பரை நீட்டினாள். நேற்று காலையிலிருந்து எடுக்காத நம்பர். ஒன்பதாவது முறை எடுத்த டிரைவர், "யாரும்மா நீ? நிம்மதியா ஒரு டீ குடிக்க விடமாட்டியா?" என்று சத்தம் போட்டார்.

"விடமாட்டேண்ணே. எங்கிட்டு இருக்கீங்க?"

அவர் நாமக்கல் தாண்டிவிட்டார். ஆபீஸே கை தட்டியது.

சுடர்விழி வெளியே ஓடிவந்து அப்பா குழந்தைசாமிக்குப் போன் போட்டாள். "வேலை கெடச்சிருச்சுப்பா!"

"என்னத்தா கேட்டாக?"

"என் கொணத்தைக் கேட்டாங்க. சொன்னேன்."

"உள்ளதைச் சொல்லிட்டியா?" என்று பதறினார் அவர். "ஆத்தாடி, சொல்லியுமா எடுத்துக்கிட்டாக!"

கேட்டில் நின்ற செக்யூரிட்டி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள் சுடர்விழி.