இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது

மூக்காண்டி சாருக்குச் சந்தேகம் பிறவிக்குணம். கடையில் வாங்கும் தேங்காயை மூன்று முறை ஆட்டிப் பார்த்த பிறகும் கடைக்காரர் முகத்தை ஒரு முறை பார்ப்பார். அப்பேர்ப்பட்ட கணக்கு வாத்தியாரை எண்பத்தொன்றில் சங்கரன்கோவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மேற்பார்வையாளராகவும் போட்டுவிட்டார்கள். கேட்கவா வேண்டும்!

மார்ச் ஆறாம் தேதி, வேறு பள்ளிக்கூடத்து தேவமணி டீச்சர் கணக்கெடுத்து அனுப்பிய படிவக் கட்டைப் பிரித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. ரயிலடிப் பக்கம் மூன்று தெருக்கள். மொத்தம் 2520 பேர்.

வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் வகுத்துப் பார்த்தார். இரண்டால் போனது, மூன்றால் போனது, ஏழால்கூட மீதியில்லாமல் போனது. ஒன்றிலிருந்து பத்துவரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் மிகச் சிறியது இதுதான். வீடுவீடாக ஏறி மனிதர்களை எண்ணினால் இப்படி ஓர் எண் வருமா? வீட்டில் உட்கார்ந்துகொண்டே கதை அளந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

தாசில்தாருக்கு ரிப்போர்ட் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது போய்ச் சேர்ந்தால் டீச்சரின் வேலைக்கே உலை. ஆனாலும் ஆதாரம் வேண்டுமே.

வெயிலில் தெருத்தெருவாக நடந்தார். பூமாரி வீட்டில் ஆறு பேர், படிவத்திலும் ஆறு. மைதீன் பாட்சா வீட்டில் ஒன்பது, படிவத்திலும் ஒன்பது. கைக்குழந்தையைக்கூட விடவில்லை. எல்லாம் சரியாக இருக்க இருக்க அவருக்கு எரிச்சல்தான் ஏறியது.

"இம்புட்டுச் சரியா இருந்தா அதுலயே ஏதோ இருக்கு" என்று முணுமுணுத்தார்.

திரும்பி வந்து தாள்தாளாகப் புரட்டியபோது அகப்பட்டது. முதலில் போட்ட கூட்டல் 2521. கடைசியாகச் சரிபார்க்கும் சுற்றில் ஒரே ஒரு ஆளைச் சிவப்பு மையால் அடித்து 2520 ஆக்கியிருந்தது. 2521 பகா எண், எதற்கும் மசியாது. அதில் ஒன்றைத் தள்ளியதும் பத்து எண்ணுக்கும் வளைந்து கொடுக்கிறது. வசமாக மாட்டினாள்! அடித்த பெயரைக்கூடப் படிக்காமல் தாளோடு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

"என்ன டீச்சர், எண்ணு அழகா இருக்கட்டும்னு ஒரு ஆளையே தீத்துட்டீயளோ?"

தேவமணி டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"அது எங்க ஞானதீபம், சார். ரெண்டு வயசு. காய்ச்சல்ல போயிட்டா."

மூக்காண்டி சார் அப்போதுதான் அந்த வரியைப் படித்தார். அது டீச்சரின் சொந்த வீட்டுப் படிவம். உறவுமுறை என்ற இடத்தில் 'மகள்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"மார்ச் ஒண்ணாந்தேதி சூரியன் உதிக்கையில உசிரோட இருக்கவுகளத்தான் எண்ணணும்னு பயிற்சியில நீங்கதான சார் சொல்லித் தந்தீய. எம்பிள்ள விடியதுக்கு அரை மணி நேரம் முன்னால போயிட்டா. அடிச்சது சரிதான சார்?"

அவருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"சரிதான், டீச்சர்" என்றார். முப்பது வருட வாத்தியார் வேலையில், ஒரு விடையைச் சரி என்று சொல்ல அவர் கூசியது அன்றுதான்.