சாக்குச் சொல்ல எதுவும் இல்லை, சார்

வாருங்கள் கண்ணுகளே, காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இப்படி என் பக்கமாக நெருங்கி உட்காருங்கள். எங்கள் சபையில் இருந்த ஹோசியா கிரென்ஷாவின் கதையைச் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகாமல் கேட்பதாக இருந்தால் கடைசிவரை சொல்வேன்.

வருஷா வருஷம் நவம்பரில், படைவீரர் தினத்தை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அலபாமாச் சபையில் போதகர் பாட்டை நிறுத்திவிட்டு, "படையில இருந்தவங்க எழுந்து நில்லுங்க" என்பார். கிழவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். நாங்கள் கை தட்டுவோம். அந்த நேரம் பார்த்து ஹோசியா மட்டும் சமையலறைப் பக்கம் போய்விடுவார். காப்பி பொங்கி வழிகிறதா என்று பார்க்கவாம். வருஷா வருஷம் அந்தக் காப்பி அதே நேரத்தில்தான் பொங்கும்.

வியட்நாமுக்குப் போய் வந்தவர் அவர். ஆனால் படை அவரை வீட்டுக்கு அனுப்பியபோது கௌரவமான விடுவிப்பு தரவில்லை. அதற்குக் கீழான ஒரு விடுவிப்புக் காகிதத்தைத் தந்தது; அதை வைத்துக்கொண்டு படை மரியாதை எதையும் கேட்க முடியாது. போர் முடித்துத் திரும்பி கான்சாஸ் முகாமில் இருந்தபோது, ஒரு நாள் ராணுவ லாரியைச் சாலையோரம் நிறுத்திச் சாவியை இருக்கையில் வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டார்; அதற்குத்தான் அந்தக் காகிதம். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டியையும் அவர் ஓட்டவும் இல்லை. மனைவி வெர்னெல்தான் எங்கும் ஓட்டிப் போவாள்.

"என்னப்பா ஹோசியா, பொண்டாட்டி டிரைவரு, நீ துரையா?" என்று சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் லூசியஸ் சீண்டுவார். அவர் பழைய சார்ஜென்ட்.

"உன் பொண்டாட்டி உன்னை நம்பி வண்டில ஏறுறாளே, அவளைச் சொல்லணும்" என்பார் ஹோசியா.

இதே லூசியஸ் பாட்டுப் பயிற்சிக்குத் தாமதமாக வருவார். போதகர் "ஏன் லேட்டு?" என்றால் சட்டென்று விறைத்து நின்று, "சாக்குச் சொல்ல எதுவும் இல்லை, சார்" என்பார். படையில் இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பயிற்சி முகாமில் முதலில் புகட்டுவது அதைத்தானாம். மேலதிகாரி ஏன் என்று கேட்டால், காலில் குண்டு பாய்ந்திருந்தாலும் அந்த ஒரு பதில்தான். வேறு வாய் திறந்தவன் சேற்றில் தண்டால் எடுப்பான். அந்தச் சிரிப்பில் மட்டும் ஹோசியாவும் சேர்ந்துகொள்வார்.

பிறகு ஹோசியாவுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் காரில் கேட்டாராம்.

"வெர்னெல், என் சவப்பெட்டி மேல படைக்காரங்க கொடி போடுவாங்களா?"

"உனக்குக் குடுத்திருக்கிற காகிதத்துக்குப் போட மாட்டாங்க, ஹோசியா. நாம வேணா கடையில ஒண்ணு வாங்கி..."

"கடைக் கொடி எனக்கு எதுக்கு? அவங்க வந்து, அவங்களே மடிச்சு, உன் கையில குடுக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். வெர்னெல் வண்டியைத் திருப்பி நேரே ரெனீட்டா பாய்கின் என்ற இலவச வக்கீலிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தக் காகிதத்தைக் கௌரவமானதாக மாற்றித் தரச் சொல்லிப் படைக்கு மனுப் போடலாம் என்றாள் அவள். அந்தப் பெண் பொறுமைசாலி. பல முறை உட்காரவைத்துப் பேசியபின், வெர்னெலின் கையைப் பிடித்துக்கொண்டு ஹோசியா மெல்லச் சொன்னார். வியட்நாமில் வரிசையாகப் போன லாரிகளில் இவருக்கு முன்னால் போனது நண்பன் கிளிஃப்டனுடையது. அது கண்ணிவெடியில் சிதறியது.

"நிக்காதே, போயிட்டே இருன்னாங்க. நான் நிக்கல. அவன் ரோட்டுல கிடந்தான். சக்கரம் ஏறினது எனக்கு ஸ்டியரிங்ல தெரிஞ்சுது. கான்சாஸ்ல ஸ்டியரிங்கைப் பிடிச்சேன், மறுபடியும் கையில அதே."

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை நீங்களே விசாரிக்கிற அதிகாரிங்ககிட்ட சொல்லணும் ஐயா. நான் எழுதினா வக்கீல் கட்டின கதைம்பாங்க. உங்க வாயால வந்தா நம்புவாங்க."

விசாரணை லேசில் கிடைக்காது, இவருக்குக் கிடைத்தது. வக்கீலின் அறையில் கணினித் திரையில் படை அதிகாரிகள் தெரிந்தார்கள். துணைக்குப் போன நானும் வெர்னெலும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் பேசக் கூடாது.

நடுவில் இருந்த கர்னல் கெட்டவர் இல்லை. கிழவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான், அவருடைய பழைய சிப்பாய்ப் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பிரைவேட் கிரென்ஷா. லாரியை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

ஹோசியாவின் முதுகு நிமிர்ந்தது. கைகள் தொடைமேல் ஒட்டிக்கொண்டன. கண் எதையும் பார்க்காமல் நேராக நின்றது.

"சாக்குச் சொல்ல எதுவும் இல்லை, சார்."

வக்கீல் குறுக்கிட்டாள். கர்னல் பெருந்தன்மையாகத் தலையசைத்து மறுபடி கேட்டார். "பயப்படாம சொல்லுங்க, பிரைவேட். ஏதாவது காரணம் இருந்திருக்குமே?"

"இல்லை, சார். சாக்குச் சொல்ல எதுவும் இல்லை, சார்."

வெர்னெல் என் மணிக்கட்டை இறுக்கினாள். கிளிஃப்டனின் பெயர் அவள் உதட்டில் அசைவது எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது காரில் அவள் கேட்டாள். "எங்கிட்ட சொன்னதை அங்க சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் போனேன். அந்தக் குரல்ல கேட்டா வாய் அதைத்தான் சொல்லுது, வெர்னெல். நான் என்ன பண்ணட்டும்?"

கோடையில் பதில் வந்தது. வக்கீல் எழுதிக் கொடுத்ததையும் படித்தார்களாம். ஆனால் காரணம் ஏதும் இல்லை என்று விண்ணப்பித்தவரே ஒப்புக்கொண்டதால், பழைய முடிவே நிற்கும். திரும்ப மனுப் போடலாம், வருஷக் கணக்கில் ஆகும் என்றாள் வக்கீல். ஹோசியாவின் கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. அத்தனை நாள் அவரிடம் இல்லை.

நவம்பர் ஞாயிறு வந்தது. அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். போதகர் வழக்கம்போல் அழைத்தார். கிழவர்கள் எழுந்தார்கள். ஹோசியாவால் எழவும் முடியவில்லை, சமையலறைக்குப் போகவும் முடியவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். லூசியஸ் நின்றபடியே அவரைப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிறகு கூரையைப் பார்த்தார். வெர்னெல் எழுந்து, நாற்காலியைத் திருப்பினாள்.

"காப்பி வழியுது" என்று சொல்லிக்கொண்டே தள்ளிப்போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஹோசியா போய்விட்டார். பெட்டிமேல் வெள்ளைப் பூக்கள் மட்டும் இருந்தன. கொடி வாங்கித் தருகிறோம் என்று சபையார் கேட்டார்கள். வெர்னெல் வேண்டாம் என்றாள். கல்லறைக்குப் போக உறவுக்காரர்களுக்கென்று ஓட்டுநரோடு பெரிய கறுப்புக் கார் வந்திருந்தது. அதிலும் அவள் ஏறவில்லை. அவரை ஏற்றிப் போன பழைய காரிலேயே ஏறி, பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு, சவ வண்டியின் பின்னால் தானே ஓட்டிப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளே. காப்பி ஆறிவிட்டது, குடித்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் நெஞ்சில் உள்ளதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் அவர்களைக் கைவிடாமல் இருக்கட்டும். அவர்களிடம் ஏன் என்று கேட்கிற குரல் எப்போதும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.