ஹெலன் அழித்த ஃபைல்

பொன்னேரி ஸ்டேஷன் ரோட்டில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் விண்டோஸ் போடக் கற்றுக்கொடுப்பது என்றால் அது ஹெலன்தான். சிப்காட் கம்பெனிகளில் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பார்கள். ஒரு கம்ப்யூட்டரை மொத்தமாகத் துடைத்து, சிடியைப் போட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிக் காட்டுவாள். பாதியில் கரண்ட் போனால் மறுபடி தொடங்குவாள். அந்த 2008-இல் கரண்ட் போகாத நாளே இல்லை. தொண்டை கட்டிக்கொண்டாலும் ஹெலன் சலித்துக்கொள்ளமாட்டாள். வயல் கூலியாக இருந்து இரும்பு உருக்கும் ஆலைக்குப் போன ஜோசப்பின் மகளை ஊரே 'மிஸ்' என்று கூப்பிடுவது அந்த வேலையால்தான்.

அப்புறம் ஜபீன் வந்தாள். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண். சென்னையில் பி.சி.ஏ. படித்தவள். வந்த வாரமே சென்டர் முதலாளி சுப்பராயனிடம் ஒரு யோசனை சொன்னாள்.

"பாடத்தை வீடியோவா புடிச்சி சிடியில குடுத்துடலாம் சார். விர்ச்சுவல் மெஷின் ஒண்ணு போட்டா போதும்."

அவள் திரையில் திறந்த ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடியது. அதில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், அழிக்கலாம். அது அணைந்து மறுபடி எழுந்தாலும் வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் அசையாமல் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். சுப்பராயன் வாயைப் பிளந்தார்.

"இன்னா ஹெலன், பாத்தியா? நீ எவ்ளோ வருஷமா தொண்டை கிழிய கத்திகினு கீறே!"

பாராட்டு ஜபீனுக்கு. அடி ஹெலனுக்கு.

சிடிகள் வெளியே போயின. பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ஜபீன் மிஸ் வாய்ஸ் சூப்பர் மிஸ்" என்று ஹெலனிடமே சொன்னார்கள். மருந்துக் கடைக்காரர் கூட ஒரு சிடி வாங்கினார். ஹெலனின் வகுப்பில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. "பொய்க் கம்ப்யூட்டர்ல கத்துகினு நெஜக் கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணுவாங்களாம்?" என்று வீட்டில் அம்மா ஆரோக்கியமேரியிடம் பொருமினாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டிருக்கும்போதுகூட ஜபீனின் அந்த நிதானமான குரல், 'இப்ப நெக்ஸ்ட் அழுத்துங்க' என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் ஜபீன் பாடம் பதிந்துகொண்டிருந்தபோது அவளுடைய அம்மா மரியம் பீவி போன் செய்தாள். மாடியில் சிக்னல் சரியாக இல்லை. மைக் வைத்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே ஓடினாள். அறையில் ஹெலன் மட்டும் இருந்தாள்.

யோசித்துச் செய்ததாக அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை. ஜபீனின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கட்டத்துக்குள் இருந்த கம்ப்யூட்டரில், மறைந்து கிடக்கும் ஃபைல்களை வெளியே கொண்டுவந்தாள். விண்டோஸ் எழுந்திருப்பதற்கே ஆதாரமான ஒரு சின்ன ஃபைல் உண்டு. அதை அழித்து, ரீஸ்டார்ட் கொடுத்தாள். கட்டம் கறுத்தது. ஃபைல் இல்லை என்று ஒரே ஒரு வரி வெள்ளையாக நின்றது. எழுந்து தன் இடத்துக்கு வந்து, விடைத்தாள் திருத்துகிறவள்போல் குனிந்துகொண்டாள். தொண்டை கமறி ஒரு தரம் இருமினாள். ஆனால் உள்ளே இனித்தது.

ஜபீன் வந்து பார்த்தாள். "ஐயோ, இன்னாக்கா இது?"

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள் ஹெலன், தலையை நிமிர்த்தாமல்.

"தெர்லக்கா. பரவால்ல, ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிகீறேன்." ஜபீன் ஒரு பட்டனை அழுத்தினாள். அவ்வளவுதான். கறுத்துப்போன கட்டம், அவள் முன்பே பத்திரப்படுத்தி வைத்திருந்த நிலைக்குப் பழையபடி திரும்பிவிட்டது. ஹெலன் அழித்த ஃபைலும் அதனுள் இருந்தது. ஹெலனுக்கு அழுகை வராத குறை.

"அடடா, ரெக்கார்டிங்கை நிறுத்தாமலே போய்ட்டேன் பாரு."

தான் செய்ததெல்லாம் வெளிக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் என்பது ஹெலனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜபீன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிந்ததை ஓடவிட்டாள். ஜபீன் எழுந்துபோன பிறகும் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது, திறந்தது, அழித்தது. நாற்காலி இழுபட்ட சத்தமும் ஹெலனின் இருமலும் அதில் இருந்திருக்க வேண்டும். ஜபீன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஹெலன்.

சாயங்காலம் ஹெலன் படியிறங்கும்போது ஜபீன் வழியை மறித்தாள். கண் சிவந்திருந்தது.

"உங்களுக்கு நான் இன்னாக்கா கெடுதல் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ல. எனக்குத்தான் தாங்கல" என்றாள் ஹெலன். பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது இது.

"சார்கிட்ட சொல்லியிருந்தா இந்நேரம் உங்க வேலை போயிருக்கும். சொல்லலாம்னுதான் எழுந்தேன். அப்பதான் தோணுச்சு, அந்த ஃபைலை அழிச்சா மெஷின் எழுந்துக்காதுன்னு எனக்குத் தெரியாது. ஸ்னாப்ஷாட் இல்லாத கம்ப்யூட்டர்ல அதை எப்டிச் சரி பண்றது?"

"விண்டோஸ் சிடியிலேருந்து திரும்ப காப்பி பண்ணணும்."

"அதை நாளைக்கு நீங்க பேசுங்க. இன்னிக்குப் புடிச்ச துண்டு அப்டியே கீது, வெட்ல. அதுக்கு மேலயே பேசுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. எனக்குப் பாடம் வேணும்."

மறுநாள் ஹெலன் தன் திருட்டுத்தனத்தையே திரையில் பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் அசைவுக்கும் விளக்கம் சொன்னாள்; பிறகு அந்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவந்தும் காட்டினாள். முதல் தடவை பாதியில் தடுமாறினாள். ஜபீன் பதிவை முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

அந்த சிடியில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாடம்தான். "வேணும்னே கெடுத்து வெச்சி சரி பண்றது. இந்த ஐடியா யாருது?" என்று சுப்பராயன் குதூகலித்தார்.

"அக்காவுதுதான் சார்" என்றாள் ஜபீன். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

அன்றைக்கு ஹெலன் வீட்டுக்குப் போன கும்மிடிப்பூண்டி வண்டியில் கூட்டம் குறைவு. ஜன்னலோரத்தில் எதிரே இருந்த ஒரு பெண் ஹெலனை அடையாளம் கண்டுகொண்டு, "மிஸ், உங்க பாடம் பாத்தேன், நல்லா புரிஞ்சிது" என்றாள். ஹெலனுக்கு முகம் மலர்ந்தது. அந்தப் பெண் அதோடு விடவில்லை.

"அதுக்கு அடுத்த பாடம் ஜபீன் மிஸ் பண்ணது. அது இன்னும் நல்லா இருந்துச்சு."

"ஆமா, அவ நல்லா பேசுவா" என்றாள் ஹெலன். சொல்ல முடிந்தது. ஆனால் எளாவூர்ப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்ப்பவள்போல் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.