துண்டு முடிச்சு

"பொண்டாட்டி கையக் கட்டு, ஏத்திக்கிறேன். இல்லாட்டி வேற வண்டி பாத்துக்க" என்றான் ஜீப்காரன் ஆதிமூலம். வெள்ளிமலையில் அந்தக் காலையில் வேறு வண்டி கிடையாது. அது அவனுக்கும் தெரியும், இருசப்பனுக்கும் தெரியும்.

இருசப்பனின் மனைவி செவ்வந்திக்கு முந்தின நாளிலிருந்து வலது அடிவயிற்றில் வலி. கல்யாணமான மறுவருஷத்திலிருந்தே அவள் காதில் யாரோ பேசுவதும், மாத்திரை விழுங்கினால் அந்தப் பேச்சு அடங்குவதும் ஊருக்கே தெரிந்த கதை. இத்தனை வருஷத்தில் அவள் யார் மேலும் ஒரு சுள்ளியை எறிந்ததில்லை. ஆனாலும் அவளைப் போன்றவர்களைக் கை கட்டித்தான் மலை ஜீப்பில் ஏற்றுவார்கள். வளைவில் டிரைவர் கழுத்தைப் பிடித்துவிட்டால்? எந்த டிரைவர், யார் பிடித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வழக்கம் என்று வந்துவிட்டால் அப்புறம் கேள்வி ஏது!

இருசப்பன் தோள் துண்டை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றான். அவளே இரண்டு கையையும் நீட்டினாள். "கட்டு மாமா. வெரசா போனா போதும்."

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் முடிச்சை அவிழ்க்கப் போனான். "ஐயோ, இருக்கட்டும்" என்று நர்சம்மா பதறினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பெஞ்சையே காலி செய்து கொடுத்தார்கள். அப்படி ஒரு மரியாதை.

டாக்டர் கெட்டவர் இல்லை. முன்னால் போன குழந்தையிடம் சிரித்து விளையாடியவர்தான். செவ்வந்தி கட்டிய கைகளை வயிற்றின்மேல் அழுத்திக்கொண்டு உள்ளே வந்ததும், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?" இருசப்பனிடம்தான் கேட்டார்.

"ரொம்ப வருஷமாங்க. ஆனா இப்ப வவுத்து வலிக்குத்தாங்க இட்டாந்தேன்."

"மாத்திரை ஒழுங்கா தர்றியா?"

"ஐயா, இது அந்தக் கொரலு இல்லீங்க" என்றாள் செவ்வந்தி நிதானமாக. "அது காதுலதான் கேக்கும். இது வவுறு. தொட்டுப் பாருங்க."

டாக்டர் இருசப்பனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இப்படித்தான் சொல்லுவாங்க. ஊசி போடறேன், தூங்கி எழுந்தா சரியாயிடும்."

வயிற்றைத் தொடவில்லை. தொடுவதென்றால் அந்தக் கைகளை விலக்க வேண்டும்.

'ஜீப்புல ஏத்தணும்னுதாங்க கட்டுனேன்' என்று இருசப்பனுக்கு வாய் வரைக்கும் வந்தது. படித்தவர் சொல்கிறாரே என்று விழுங்கிவிட்டான். பாவி, அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மதியம் அதே ஜீப்பில் திரும்பினார்கள். செவ்வந்தி அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். "ஊசின்னா இதான் ஊசி. சத்தமே இல்ல பாரு" என்றான் ஆதிமூலம். அரிசி மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. அவள் உடம்பு மட்டும் கொதித்தது. இருசப்பன் புடவைமேல் கை வைத்துப் பார்த்தான். வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க."

"இன்னாத்துக்கு? தூங்கிக்கினு இருக்கிறவள ஏன் கெளப்புற? வேணும்னா கட்ட அவுத்துக்க, இனிமே ஒண்ணும் பண்ண மாட்டா."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தான். துண்டு நழுவிக் காலடியில் விழுந்தது. கைகள் மட்டும் கட்டியது கட்டியபடி, ஒன்றின்மேல் ஒன்றாக, அவள் வயிற்றின்மேலேயே கிடந்தன. ஜீப் அடுத்த வளைவில் ஏறிக்கொண்டிருந்தது.